தீப்பிடித்த ஒய்யாரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் பாலேயில்தான் ஒய்யாரமும் உடையழகும் இருந்தன, இன்றைய பாலே வெறும் உடற்பயிற்சி என்கிறார்கள். அந்த ஒய்யாரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

ஒன்று. 1832-இல் ‘லா சில்ஃபீட்’ பாலேயில் மரீ தாலியோனி உடுத்திய வெள்ளைப் பாவாடை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மெல்லிய துணி சுழன்றது காஸ் விளக்குகளின் பக்கத்தில். தாலியோனியின் மாணவி எம்மா லிவ்ரி 1862 நவம்பரில் பாரிஸ் ஒப்பெராவில் ஒத்திகைக்கு வந்தார். பாவாடையை உதறிவிட்டார், விளக்கிலிருந்து தீ பற்றிக்கொண்டது. எட்டு மாதம் புண்ணோடு கிடந்து செத்தார். வயது 20. தீப்பிடிக்காத மருந்தில் தோய்த்த துணி அப்போதே இருந்தது. தோய்த்தால் துணி விறைக்கும், வெண்மை மங்கும். “வேண்டாம் என்றது அவரேதானே?” என்பீர்கள். சரி, யார் கண்ணுக்காக வேண்டாம் என்றார்?

இரண்டு. ஒப்பெராவுக்குச் சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு மேடைக்குப் பின்னாலும் போக உரிமை இருந்தது. ஓவியர் தெகாவின் படங்களில் திரையோரம் கறுப்புக் கோட்டில் நிற்கிறார்களே, அவர்கள் என்ன விளக்கேற்ற வந்தவர்களா? தெகாவின் புகழ்பெற்ற மெழுகுச் சிலைக்கு நின்ற பாலேச் சிறுமி மரீ வான் கூத்தெம், சலவைக்காரியின் மகள். சிலைக்கு நிஜத் துணிப் பாவாடை, தலையில் ரிப்பன். சிறுமிக்கு? சிலை காட்சிக்கு வந்த மறுவருடமே, 1882-இல், ஒப்பெரா அவளை வேலையைவிட்டு நீக்கியது.

மூன்று. ‘வெறும் உடற்பயிற்சி’யாம்! வியன்னா அரங்கேற்றத்துக்கு முன் தாலியோனியை அவர் அப்பா தினம் ஆறு மணி நேரம் பிழிந்தெடுத்தாரே, அதற்கு என்ன பெயர்?