ஃப்ளோரைடு கலக்கலாமா வேண்டாமாங்கிறது நம்ம சண்டை இல்லை. நம்ம போர் தண்ணியில எவ்வளவு இருக்குன்னு கேளுங்க

1/ வாட்ஸப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது. "குடிநீர்ல ஃப்ளோரைடு கலக்குறாங்க, குழந்தைங்க மூளை மழுங்கிடும், அமெரிக்காவுலயே தடை பண்ணிட்டாங்க, முதல்ல டூத் பேஸ்ட்டைத் தூக்கிப் போடுங்க." ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுன்னு எல்லா ஊர் குடும்ப குரூப்லயும் வந்தாச்சு. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க மக்களே.

2/ முதல் விஷயம். நம்ம நாட்டுல குடிநீர்ல ஃப்ளோரைடு கலக்குற திட்டம் எதுவும் கிடையாது. உங்க தெரு டேங்க்ல போடுறது பிளீச்சிங் பவுடர், அதாவது குளோரின். கிருமியைக் கொல்ல. குழாயில வர்ற வாசனை அதோடது. குளோரின் வேற, ஃப்ளோரைடு வேற. தண்ணியில ஃப்ளோரைடு இருந்தா நிறம், மணம், ருசி எதை வச்சும் கண்டுபிடிக்க முடியாது.

3/ "அப்போ பயப்பட ஒண்ணுமில்லையா டாக்டர்?" இருக்கு. யாரும் கலக்காமலே நம்ம பக்கத்து நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு இருக்கு. பூமிக்கு அடியில இருக்குற பாறை கலக்குது. இல்லாத திட்டத்துக்குப் பயந்து பேஸ்ட்டைத் தூக்கிப் போடுற நாம, வீட்டு போர்ல ஏற்கனவே என்ன இருக்குன்னு கேக்குறதே இல்லை. என் கோபம் அதுதான்.

4/ அமெரிக்கக் கதையை நேர்மையா சொல்லிடுறேன். 1901-ல மெக்கேங்கிற பல் மருத்துவர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போறார். அங்க வளர்ந்த பிள்ளைங்க பல்லுல பழுப்புக் கறை. ஆனா அந்தப் பல்லுல சொத்தை குறைவு. காரணம் தண்ணியில இருந்த ஃப்ளோரைடுன்னு 1931-லதான் தெரிஞ்சது. அளவு குறைஞ்சா சொத்தை வராது, கறையும் அவ்வளவா விழாதுன்னு கணக்குப் போட்டு, 1945-ல கிராண்ட் ராபிட்ஸ் நகரத் தண்ணியில முதல் தடவையா கலந்தாங்க.

5/ அப்போ ஃப்ளோரைடு பேஸ்ட் கிடையாது. சொத்தைப் பல் நல்லாவே குறைஞ்சது. பேஸ்ட் எல்லார் வீட்டுக்கும் வந்த பிறகு, தண்ணியில கலக்குறதால கிடைக்கிற கூடுதல் லாபம் சுருங்கிப் போச்சு. 2024 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்றதும் அதுதான். ஸ்விட்சர்லாந்தோட பாசல் நகரம் 2003-ல நிறுத்திச்சு. கனடாவோட கால்கரி 2011-ல நிறுத்திட்டு, 2025-ல திரும்ப ஆரம்பிச்சது. அமெரிக்காவுல யூட்டா மாநிலம் 2025-ல தடை போட்டது. நாடு முழுக்கத் தடைன்னு ஃபார்வர்டு சொல்றது பொய்.

6/ "மூளை மழுங்கிடும்"கிறது எங்கிருந்து வந்தது? அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்ட்ல ஒரு அறிக்கை விட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளோரைடு இருக்குற தண்ணிக்கும் குழந்தைகளோட ஐ.க்யூ குறையுறதுக்கும் தொடர்பு இருக்குன்னு ஓரளவு உறுதியோட சொன்னாங்க. அவங்க ஊர்ல கலக்குற 0.7 அளவுக்கு அப்படிச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லைன்னும் அதே அறிக்கையில இருக்கு.

7/ இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அவங்க அடிச்சுக்கிறது 0.7-க்காக. 1.5-க்கு மேல தானாவே இருக்குற தண்ணியைக் குடிக்கிறது யாரு? சீனாவுலயும் இந்தியாவுலயும் இருக்குற கிராமத்து ஜனங்க. அந்த அறிக்கை பார்த்த ஆய்வுகள்ல நிறைய அந்த மாதிரி ஊர்கள்ல நடந்ததுதான். நம்மள மாதிரி ஊரை வச்சு எழுதினதை அமெரிக்காக்காரன் படிச்சுப் பயப்படுறான். நாம அவன் பயத்தை ஃபார்வர்டு பண்ணிட்டு, நம்ம தண்ணியை அப்படியே குடிக்கிறோம்.

8/ இது நமக்குப் புது விஷயமும் இல்லை. 1937-லயே சென்னை மாகாணத்தோட நெல்லூர் மாவட்டத்துல ஃப்ளோரோசிஸ் இருக்குன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ்ல கட்டுரை வந்தாச்சு. அங்க முதல்ல கவனிச்சது விவசாயிங்க. ஏர் மாடு நடக்க முடியாம படுத்துச்சு. அப்புறம்தான் மனுஷங்க முதுகு விறைச்சுப் போறதைப் பார்த்தாங்க. அமெரிக்காவுல கலக்க ஆரம்பிக்கிறதுக்கு 8 வருஷம் முன்னாடி.

9/ நம்ம ஊருக்கு வருவோம். ஃப்ளோரைடு 1.5-ஐத் தாண்டுற இடங்கள் உள்ள மாவட்டங்கள்னு மத்திய நிலத்தடி நீர் வாரியம் போட்ட பட்டியல்ல வேலூரும் இருக்கு. 2019-ல மூணாப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இருந்த வேலூர் மாவட்டம், அதாவது இன்னிக்கு ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்குற திருப்பத்தூரும் சேர்த்து. எல்லா போரும் மோசம்னு இதுக்கு அர்த்தம் இல்லை. ஒரு தெருவுல 0.6, அடுத்த தெருவுல 2 கூட இருக்கலாம். அதனாலதான் ஒவ்வொரு போரையும் சோதிக்கச் சொல்றேன்.

10/ "டேனரி கழிவுதான் காரணமா?" நேரடியா இல்லை. டேனரி கொண்டுவந்தது உப்பு, குரோமியம். ஃப்ளோரைடு பாறையோடது. ஆனா சம்பந்தமே இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆத்து ஓரக் கிணறு உப்பாச்சு, பாலாறு வறண்டுச்சு, ஜனங்க 500 அடி, 800 அடின்னு போர் போட்டாங்க. ஆழத்துல தண்ணி பாறையோட ரொம்ப காலம் ஊறிக் கிடக்கும். கால்சியம் குறைஞ்சு சோடியம் கூடின தண்ணியில ஃப்ளோரைடு இன்னும் நல்லாவே கரைஞ்சு நிக்கும்.

11/ டேனரி கழிவுக்குக் குற்றவாளி உண்டு. அதனால வழக்கு உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் "மாசுபடுத்தினவன் பணம் கட்டணும்"னு தீர்ப்பு சொன்னது. நாடே மேற்கோள் காட்டுற தீர்ப்பு. 2025 ஜனவரியில பாலாறு பத்தி இன்னொரு தீர்ப்பு வந்தது. பாறை மேல யார் கேஸ் போடுறது? யாரும் பொறுப்பில்லை, அதனால யாரும் அளக்குறதில்லை. இதை நான் ஏத்துக்க மாட்டேன். பாறைக்கு அரசு பொறுப்பில்லைதான். குழாயில விடுற தண்ணிக்குப் பொறுப்பு.

12/ உடம்புல என்ன ஆகும்? முதல்ல பல்லு. 8 வயசு வரைக்கும், ஈறுக்குள்ள எனாமல் உருவாகும்போது பாதிப்பு நடக்கும். முளைச்சு வரும்போதே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு, அப்புறம் மஞ்சள், பழுப்புன்னு குறுக்குக் கோடு. தேய்ச்சா போகாது. ஓ.பி.க்கு வர்ற பிள்ளைங்க கையால வாயை மூடிக்கிட்டுப் பேசுதுங்க. "பல்லே விளக்குறதில்ல சார்"னு அம்மா திட்டுறாங்க. பாக்கு போடுறான்னு வாத்தியார் அடிக்கிறார். தப்பு அந்தப் பிள்ளை மேல இல்லை. தண்ணி மேல.

13/ அடுத்தது எலும்பு. அளவு 3-க்கு மேல இருக்குற தண்ணியைப் பல வருஷம் குடிச்சா கழுத்து, முதுகு, மூட்டு எல்லாம் விறைக்கும். "வயசாச்சு", "வாதம்", "குனிஞ்சு வேலை பார்த்தா அப்படித்தான்"னு மாத்திரை வாங்கித் தின்னே காலம் ஓடிடும். மூணு சின்ன சோதனை இருக்கு. முழங்காலை மடக்காம குனிஞ்சு தரையில கிடக்குற காசை எடுக்க முடியுதா? தாடை நெஞ்சைத் தொடுதா? ரெண்டு கையையும் பின்னந்தலைக்குக் கொண்டுபோக முடியுதா? முடியலைன்னா அது ஃப்ளோரோசிஸ்தான்னு முடிவு கட்டாதீங்க. டாக்டரைப் பாருங்க. என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னு அவர்கிட்ட சேர்த்துச் சொல்லுங்க.

14/ முத்தின எலும்பு பாதிப்பைத் திருப்பிச் சரி பண்ண மருந்து கிடையாது. தண்ணியை மாத்தணும். பால், கீரை, ராகி, நெல்லி, கொய்யான்னு கால்சியமும் வைட்டமின் சி-யும் உள்ள சாப்பாடு பாதிப்பைக் குறைக்க உதவும். அது இல்லாத வீட்டுலதான் இந்த நோய் அதிகமாத் தாக்குது. ஏழைங்க வீட்டுல.

15/ எதிர்ப்பக்கம் ஒரு குரல் இருக்கு. "சொத்தைப் பல் கூடிப்போச்சு, இங்கேயும் தண்ணியில ஃப்ளோரைடு கலக்கலாம்"னு. அவங்களுக்கும் சொல்றேன், கூடாது. 1962-ல அமெரிக்காவே குளிர் ஊருக்கு 1.2, வெயில் ஊருக்கு 0.7-னு பிரிச்சுதான் வச்சது. ஏன்னா வெயில்ல தண்ணி அதிகமா குடிப்பாங்க. வேலூர் வெயிலை நான் விளக்கணுமா? 1.5 உள்ள தண்ணியில 2 லிட்டர் குடிச்சா 3 மில்லிகிராம். டேனரியில மூட்டை தூக்கி 5 லிட்டர் குடிக்கிறவருக்கு 7.5. எண் ஒண்ணுதான், உடம்புக்குள்ள போறது ரெண்டரை மடங்கு.

16/ அதோட, எந்தத் தண்ணியில கலப்பீங்க? ஒரே வீட்டுல காலையில குழாய்த் தண்ணி, மத்தியானம் போர் தண்ணி, குடிக்க கேன் தண்ணி, ஷூ கம்பெனியில வேற தண்ணி. ஒரே அளவா கொடுக்க வழியே இல்லாத ஊர்ல கலக்கலாம்னு பேசுறது வீண்.

17/ பேஸ்ட்டைத் தூக்கிப் போடாதீங்க. அது பல்லு மேல பட்டு வேலை செய்யுது, முழுங்குறதுக்கு இல்லை. 3 வயசுக்குக் கீழ அரிசி அளவு, 3-ல இருந்து 6 வரைக்கும் பட்டாணி அளவு. பெரியவங்க பக்கத்துல நின்னு துப்ப வைங்க. பேஸ்ட்டை நிறுத்திட்டு பிஸ்கட்டும் கூல்டிரிங்க்ஸும் கொடுத்தா சொத்தைதான் மிஞ்சும்.

18/ தண்ணியைக் கொதிக்க வச்சா ஃப்ளோரைடு போகாது. தண்ணி வத்த வத்த அளவு கூடும். ஆர்.ஓ மிஷின் எடுக்கும். ஆனா குடிக்க மட்டும் கேன் வாங்கி, சோறும் குழம்பும் போர் தண்ணியில வச்சா, சோத்து வழியா உள்ள போகும். ஒரு கேன் 30, 40 ரூபாய். நாள்கூலிக் குடும்பம் சமையலுக்கும் சேர்த்து எத்தனை கேன் வாங்கும்? காசு இருக்குறவன் ஆர்.ஓ வாங்கித் தப்பிச்சுக்கோங்கிறது பொது சுகாதாரம் ஆகாது.

19/ தீர்வு இல்லாம இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காக ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் திட்டம் வந்து 2013-ல தண்ணி விட்டாங்க. திட்டத்தோட பெயர்லயே ஃப்ளோரோசிஸ் இருக்கு. கண்டுக்கிட்டாங்க, அதனால தண்ணி வந்தது. நமக்கும் மேட்டூர்ல இருந்து காவிரித் தண்ணி வருது. ஆத்துத் தண்ணியில பொதுவா ஃப்ளோரைடு குறைவு. பிரச்சினை, அது வராத நாள்ல திரும்பவும் போர். படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் வச்சு ஃப்ளோரைடை எடுக்கிற நல்கொண்டா முறையை நாக்பூர் நீரி நிறுவனம் எப்பவோ கண்டுபிடிச்சுக் கொடுத்தாச்சு.

20/ என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு ஓவர்ஹெட் டேங்க்லயும், பொது போர்லயும் ஒரு போர்டு. எப்போ சோதிச்சாங்க, ஃப்ளோரைடு எவ்வளவு, டி.டி.எஸ் எவ்வளவு. இந்தியத் தர அளவு 1.0, வேற தண்ணியே இல்லாத இடத்துல 1.5 வரைக்கும். இதையும் கீழே எழுதிடுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்துங்க, மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ஒரு டப்பா பெயின்ட் செலவு.

21/ "நம்பர் போட்டா ஜனங்க பீதி ஆயிடுவாங்க"ன்னு ஒரு பதில் வரும். நம்பர் இல்லாததாலதான் ஃபார்வர்டு பீதி கிளப்புது. 0.6-னு போர்டு இருந்தா நிம்மதியா குடிப்பாங்க. 2-னு இருந்தா அந்த போரைக் குளிக்க, துவைக்க மட்டும் வச்சுக்கலாம். குளிச்சா, துவைச்சா ஃப்ளோரைடு ஒண்ணும் பண்ணாது.

22/ நீங்க செய்யக்கூடியது. கிராமமா இருந்தா, ஜல் ஜீவன் திட்டத்துல ஊராட்சிக்குக் கொடுத்த சோதனை கிட் எங்கன்னு கேளுங்க. பயிற்சி எடுத்த பெண்கள் உங்க ஊர்லயே இருப்பாங்க. நகரமா இருந்தா, ஒரு லிட்டர் தண்ணியைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில்ல பிடிச்சு, குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வுக்கூடத்துல கொடுங்க. கட்டணம் கட்டினா சோதிச்சுத் தருவாங்க. மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கு நடக்குற கிராம சபையில ரிசல்ட்டோட எழுந்து நில்லுங்க. போர்டு வைக்கணும்னு தீர்மானம் போடச் சொல்லுங்க.

23/ அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தா, அனுப்பினவங்ககிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "அண்ணே, உங்க வீட்டு போர்ல எவ்வளவு?" தெரியாதுன்னா இந்த இழையை அனுப்புங்க. தெரிஞ்சா, ஊர் பேரும் நம்பரும் கீழே போடுங்க. பார்த்துக்கிட்டே இருப்பேன்.