கணினி இலாகாவுக்கு வியாபாரப் பாடம்

வளைகுடா நாடுகளின் பெரிய ஸ்தாபனங்களில், நம் தமிழ் இளைஞர் பலர் உத்தியோகம் பார்க்கும் தகவல் தொழில்நுட்ப இலாகாவை வெறும் செலவினமாக எண்ணும் வழக்கம் இன்னும் இருக்கிறதென்றால், அதற்கு முதலாளிகளின் அறியாமையைவிட, செய்த காரியத்தின் பிரயோஜனத்தை எடுத்துச் சொல்லத் தெரியாத அந்த இலாகாக்களின் கூச்சமே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

2021 டிசம்பரில், காகிதத்தை முற்றிலும் ஒழித்த முதல் அரசாங்கம் தன்னுடையதே என்று துபாய் பிரகடனம் செய்தபோது, எந்த மென்பொருளை எழுதினோம் என்ற விருத்தாந்தத்தை முன்வைக்காமல், 33 கோடிக்கு மேற்பட்ட தாள்களும், 130 கோடி திர்ஹமும், 1 கோடியே 40 லட்சம் மணி நேர உழைப்பும் மிச்சமாயின என்றே சொல்லிற்று. அத்தொகைகள் கூட்டப்பட்ட விதத்தை ஆராய நமக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்பவனுடைய கணக்கிலேயே பேசிய சாமர்த்தியத்தை மறுக்க இயலாது.

எமிரேட்ஸ் குழுமத்தின் மெர்க்கேட்டரோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று: குழுமத்தின் கணினி இலாகாவாக இருந்துகொண்டே, தன் மென்பொருளைப் பிற விமான நிறுவனங்களுக்கும் விற்று, 2014இல் வார்பர்க் பிங்கஸ் என்னும் முதலீட்டு நிறுவனம் பெரும்பங்கை வாங்குமளவுக்கு மதிப்புப் பெற்றது.

எல்லா இலாகாவும் அவ்வாறு கடை விரிக்க வேண்டியதில்லை; ஆனால் வியாபாரத்தின் நுணுக்கம் அறியாமல் தன் வேலையைக்கூடச் செய்ய இயலாது. 2018 ஜனவரி 1 அன்று அமீரகத்தில் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி அமலுக்கு வந்தபோது, வரி விலக்குக்கும் பூஜ்ய விகிதத்துக்கும் உள்ள பேதம் அறியாதவரால் பில் போடும் மென்பொருளைத் திருத்த முடிந்திராது. ஆகையால், புதிதாகச் சேரும் நிரலாளரை முதல் மாதம் கணக்குப் பிரிவிலும் விற்பனைப் பிரிவிலும் உட்காரவைப்பது உத்தமம்.