உட்கார ஒரு சட்டம்

பி.காம். முடித்த கையோடு முதுநகர் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போட்டேன். எனக்கு நாற்காலி உண்டு. புடவை பிரித்துப் போடும் அக்காக்களுக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் நின்றே ஆகணும். ஓர் அக்காவுக்குக் காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். சுவரில் சாய்ந்தால் முதலாளி கனைப்பார்.

சட்டம் படிக்கும் அக்கா மகன் சொன்னான்: "கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லயே வந்தாச்சு மாமா. உட்கார இடம் தரணும்ங்கிற 22-ஏ பிரிவு 2021-லதான்!"

எழுபத்து நாலு வருஷம்! எந்தக் கால் சார் தாங்கும்? கோழிக்கோட்டுப் பெண்கள் போராடியதில் கேரளா 2018-லேயே முந்திக்கொண்டது. இங்கே மசோதா கொண்டுவந்த அன்றைய தொழிலாளர் அமைச்சர் சி.வெ.கணேசன், அப்போது நம்ம மாவட்டத்துத் திட்டக்குடி எம்.எல்.ஏ.வாக இருந்தவர்தான்.

போன வாரம் அதே கடையில் எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் வந்துவிட்டது. அதன் மேல் வேட்டிக் கட்டு உட்கார்ந்திருந்தது.