‘சாதியற்ற’ கீழடியும் சாம்பல் படிந்த கொசஸ்தலையும்

காட்டுப்பள்ளி துறைமுகச் சாலை டீக்கடையில் ஒரு தம்பியைப் பார்த்தேன். ஒப்பந்தத் தொழிலாளி, எங்கள் சேரிப் பையன். கீழடிப் பானை ஓட்டின் படம் போட்ட டி-ஷர்ட் அணிந்திருந்தார். படத்துக்குக் கீழே ‘சாதியற்ற நாகரிகம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். நல்லாயிருக்கே என்றேன். “கூட்டத்துல குடுத்தாங்கண்ணே. அது சரி, அப்ப நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் குடியிருந்தாங்களாம்?” என்றார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு நம் மேடைகளில் யாரிடமும் பதில் கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழடி விஷயத்தில் ஒன்றிய அரசு ஆடும் ஆட்டத்தை எதிர்ப்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையை இரண்டு வருடத்துக்கு மேல் கையில் வைத்திருந்துவிட்டு, 2025 மே மாதம் திருத்தித் தரச் சொன்னார்கள். வைகைக் கரையில் கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தறிந்த மக்கள் வாழ்ந்தார்கள் என்பது அவர்களுக்குச் செரிக்கவில்லை. அந்தச் சண்டையில் நானும் உங்கள் பக்கம்தான் தோழர்களே.

ஆனால் ‘சாதியற்ற’ என்ற சொல்லை எந்தக் குழியிலிருந்து தோண்டி எடுத்தீர்கள்? கீழடியில் கிடைத்தவை செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், பகடைக்காய்கள், தக்களிகள், ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடுகள். பெரிய வழிபாட்டுச் சின்னம் எதுவும் கிடைக்கவில்லை என்கிறார்கள். சரி, கோவில் இல்லாவிட்டால் சாதியும் இல்லை என்று ஆகிவிடுமா? மாடு, எருமை, ஆட்டின் எலும்புகளும் கிடைத்தன. செத்த மாட்டை இழுத்துப் போனது யார், தோலை உரித்தது யார், அவர் எந்தக் கிணற்றில் தண்ணீர் மொண்டார் என்று எலும்பு சொல்லாது. பானையில் பெயர் கீறியவரின் பெயர் நமக்குத் தெரிகிறது, பானைச் சூளைக்கு மண் சுமந்தவரின் பெயர் தெரியவில்லை. அன்று சாதி இருந்தது என்று நிறுவ நான் வரவில்லை. இல்லை என்பதை நீங்கள் நிறுவவில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

நிறுவாத ஒன்றை ஏன் இத்தனை ஆசையோடு சட்டையில் அச்சடிக்க வேண்டும்? அன்று சாதி இல்லை என்றால், சாதி யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து நம் தலையில் கட்டியது, நம் கையில் கறை இல்லை என்று சொல்லிவிடலாம். இதுதான் விஷயம். கீழடியில் தமிழ்நாடு தொல்லியல் துறை நான்காம் கட்ட அகழாய்வை நடத்தியது 2018இல். அதே ஆண்டு மே 28 இரவு, அதே சிவகங்கை மாவட்டத்தில், கச்சநத்தத்துக்குள் புகுந்து தலித்துகளை வெட்டினார்கள். மூன்று பேரைப் பறிகொடுத்தோம். 2022 ஆகஸ்டில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த அரிவாளைத் தூக்கியவர்கள் வடக்கேயிருந்து ரயிலேறி வந்தவர்கள் இல்லை.

கீழடி இங்கிருந்து தூரம். எங்கள் ஆற்றுக்கு வருகிறேன். பூண்டிக்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்து, 2011இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் கைக்கோடரியைச் செய்தவர்கள் தமிழர்கள் இல்லை, இன்றைய மனித இனமே இல்லை. அதையும் ‘நம் முன்னோர்’ கணக்கில் எழுதிக்கொள்கிறோம். பூண்டியில் அதற்கொரு அகழ்வைப்பகமும் உண்டு.

அதே ஆறுதான் பூண்டி அணையைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்துக்கு வருகிறது. காட்டுப்பள்ளிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் இந்த ஆற்றின் கழிவெளி. அனல்மின் நிலையக் குழாய்களில் கசிந்த சாம்பல் அதன் அடியில் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் வந்து சேர்ந்தது. அந்தச் சேற்றில் மார்பளவு தண்ணீரில் இறங்கி, ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள் இருளர் மக்கள். இவர்களைப் படம் எடுத்துக் கைக்கோடரிக்குப் பக்கத்தில் ஒட்டி ‘வாழும் கற்காலம்’ என்று எழுதும் புத்தி இன்னும் போகவில்லை. எந்தக் கற்காலம்? சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் தாலுகா ஆபீஸுக்கு நடந்து நடந்து கால் தேய்ந்த, இந்த நூற்றாண்டின் தொழிலாளிகள் அவர்கள். 15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய கல்லுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்துவிட்டது, இவர்கள் கை நுழையும் சேற்றுக்குப் பாதுகாப்பு இல்லை.

துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்தை எதிர்த்து எல்லோரும் சேர்ந்து நின்றோம், இனியும் நிற்போம். அந்தக் கூட்டங்களிலும் ‘மரபு’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைக்கும் ‘பாடு’ வழக்கத்தை அறிவாளிகள் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த முறைக்குள் இடம் பிடிக்கச் சாதி வேண்டும், தலித் மீனவருக்கு அதில் பங்கில்லை. இதைச் சொன்னால் ‘இப்ப இது தேவையா தோழர்’ என்கிறார்கள். எப்போது தேவைப்படும் என்று தேதி சொன்னால் குறித்துவைத்துக்கொள்கிறேன்.

தொல்லியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் நூறு இடத்தில் தோண்டுங்கள். இயக்குநர் பெயர் வரும் பக்கத்திலேயே தினக்கூலிக்கு மண் வெட்டிய, ஓடு கழுவிய பெண்களின் பெயரையும் அச்சிடுங்கள். பூண்டியில் கொசஸ்தலைக்கு வரைபடம் வைப்பதானால் எண்ணூர் வரைக்கும் வரையுங்கள், சாம்பலையும் சேர்த்து. டி-ஷர்ட் அச்சடித்த தோழர்கள் அடுத்த தடவை ‘சாதியற்ற’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘நாகரிகம்’ என்று மட்டும் போடுங்கள்.