கதியால் வேலியும் தேன்சிட்டும்

கடந்த மாசி மாதம் பருத்தித்துறையில் என் அக்கா வீட்டில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். காலை ஆறரை மணிக்கு முற்றத்துக்கு வந்தால், எழுபத்தாறு வயதான அக்கா பூசணிக் கொடிகளுக்கு நடுவே குனிந்து நிற்பார். கையில் இதழ்களை உரித்தெடுத்த ஒரு ஆண்பூ. அதை ஒவ்வொரு பெண்பூவாகத் தேடித் தொட்டுக்கொண்டு போவார்.

"என்னக்கா செய்யிறியள்?" என்று கேட்டேன்.

"கலியாணத் தரகு பாக்கிறன் தம்பி. முந்தி வண்டு செய்த வேலை. இப்ப அதுகள் வாறதில்லை. நான் தொடாவிட்டால் பிஞ்செல்லாம் வெம்பி விழுந்துபோகும்" என்றார்.

சிரித்துவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடித்தேன். ஆனால், அந்தச் சொல் என்னை விடவில்லை.

பூசணிக்கு ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. அதன் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையது. காற்று அதைத் தூக்கிச் செல்லாது. பூ விடியலில் விரிந்து நண்பகலுக்கு முன் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு தேனீயோ வண்டோ வந்தாக வேண்டும். வராவிட்டால் காய் இல்லை. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஹன்யுவான் என்ற பகுதியில் பேரி மரங்களுக்கு மனிதர்கள் ஏறித் தூரிகையால் மகரந்தம் பூசுகிறார்கள் என்று பல ஆண்டுகளுக்கு முன் படித்தபோது அது ஏதோ தொலைதூரத்து வினோதம் என்று எண்ணினேன். அது என் அக்காவின் வளவுக்குள்ளேயே வந்து சேரும் என்று எண்ணவில்லை.

நான் இப்போது வாழ்வது ரொறன்ரோவின் ஸ்காபரோவில். என் வீட்டுப் பின்புறத்தில் சிவப்பு நிறப் போத்தல் ஒன்று தொங்குகிறது. ஒரு பங்கு சீனிக்கு நான்கு பங்கு தண்ணீர், சாயம் சேர்க்கக்கூடாது. மே மாதத்தில் செங்கழுத்து ஓசனிச்சிட்டு வரும். மூன்று கிராம் அளவே எடையுள்ள அந்தப் பறவை அந்தரத்தில் நின்றபடி உறிஞ்சிவிட்டு, செப்டெம்பரில் மெக்சிக்கோ வளைகுடாவைத் தாண்டித் தெற்கே போய்விடும். எம்மவர் பலர் வீடுகளில் இந்தப் போத்தலைக் காணலாம். ஊருக்குப் போகும்போது சிலர் அதைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோவதும் உண்டு. அங்கே ஓசனிச்சிட்டு வராது; அது அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரிய பறவை. எமக்கு உரியது தேன்சிட்டு.

இலங்கையில் தேன்சிட்டு மூன்று வகை. அவற்றில் நீண்டு வளைந்த அலகுடைய ஒன்று, 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டனின் பெயரை இன்றும் சுமக்கிறது. ஓசனிச்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் உறவில்லை. தேன் குடிக்கும் தொழில் ஒன்று என்பதால் தோற்றம் ஒத்துப்போயிற்று, அவ்வளவே. ஆனால், ஒரு வேறுபாட்டை நாம் மறக்கக்கூடாது. ஓசனிச்சிட்டு அந்தரத்தில் நின்று குடிக்கும். தேன்சிட்டு சிறிது நேரம் சிறகடித்து நிற்கக் கூடியதாயினும், உட்கார்ந்து குடிக்கவே விரும்பும். அதற்குப் பூவின் அருகே ஒரு கொப்பு வேண்டும். தொங்கும் கூட்டைப் பின்னுவதற்குச் சிலந்தி நூல் வேண்டும். குஞ்சுக்கு ஊட்டப் புழுவும் பூச்சியும் வேண்டும். இவையெல்லாம் ஒரு சீனித்தண்ணீர்ப் போத்தலில் கிடைப்பதில்லை. எங்கள் ஊரில் இவையெல்லாம் கிடைத்த இடம் ஒன்று இருந்தது. அதன் பெயர் வேலி.

வேலி என்றால் இளைய தலைமுறை கம்பி வேலியை நினைக்கும். நான் சொல்வது கதியால் வேலி. கிளுவை வரிசையாக நிற்கும். இடையிடையே பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை. அவற்றின் மீது முசுட்டையும் குறிஞ்சாவும் கோவையும் படரும். மழை தொடங்கியதும் கார்த்திகைப்பூக் கொடி எட்டிப் பார்க்கும். தையிலும் மாசியிலும் இலையுதிர்த்த முள்முருக்கில் சிவப்புப் பூக்கள். சீமைக்கிளுவையில் இளஞ்சிவப்புப் பூக்கள். சித்திரையில் வேம்பு. பூவரசு ஆண்டு முழுவதும் பூக்கும்; காலையில் மஞ்சளாக விரிந்து மாலையில் செம்மை பாய்ந்து வாடும். தேனீக்கும் வண்டுக்கும் சிட்டுக்கும் பன்னிரண்டு மாதமும் பந்தி.

பருத்தி இறங்கிய துறை என்பதால் எங்கள் ஊருக்கு இப்பெயர் என்பார்கள். பருத்தியும் பூவரசும் செம்பரத்தையும் வெண்டியும் தாவரவியலில் ஒரே குடும்பம். ஊரின் பெயரிலேயே ஒரு பூ இருக்கிறது. அந்தப் பூவின் உறவினர்கள்தான் எங்கள் வேலியில் நின்றார்கள்.

இந்த வேலியை எவரும் தேன்சிட்டுக்காக நடவில்லை. ஆட்டுக்குக் குழை வேண்டும், தோட்டத்துக்குப் பசளை வேண்டும், வளவுக்கு மறைப்பு வேண்டும் என்றே நட்டார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்குக்கு அனுப்பத் தடுக்கப்பட்ட பொருட்களில் யூரியாவும் ஒன்று. அப்போது பூவரசங்குழையைத் தோட்டத்தில் தாழ்த்தியே பலர் பயிர் செய்தார்கள். அந்த நாட்களைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை; அவற்றின் கொடுமையைச் செய்தியாக எழுதியவன் நான். எமக்குக் கைகொடுத்தது எது என்பதை நினைவூட்டவே சொல்கிறேன்.

போரும் குண்டுவீச்சும் அழிக்காத வேலியை அழித்தது எது? விடையை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் அனுப்பிய பணம். அக்காவின் வளவைச் சுற்றி 2011ஆம் ஆண்டில் மதில் கட்டுவித்தவன் நானேதான். ஆறடி உயரம், சீமெந்துக் கல். கதியால்கள் வெட்டி விறகாக்கப்பட்டன. அடுத்த முறை போனபோது முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதிப்பித்தேன். சேறு இல்லை, குப்பை இல்லை, பார்ப்பதற்கு அழகு என்று எல்லோரும் பாராட்டினார்கள். இந்தத் தடவை ஒழுங்கையில் நடந்து பார்த்தேன். இரு புறமும் மதில். ஓரிடத்திலும் பூவரசைக் காணவில்லை.

தேனீ என்றதும் நாம் கூடு கட்டித் தேன் சேர்க்கும் தேனீயையே நினைக்கிறோம். தனித்து வாழும் தேனீக்கள் மிகப் பல. அவற்றில் பல நிலத்திலும் மண்சுவரிலும் துளையிட்டு முட்டையிடுபவை. சீமெந்து போட்ட முற்றத்தில் அவற்றுக்கு இடமில்லை. முருங்கைப் பூவுக்கு வரும் பெரிய கருவண்டு பட்ட மரத்தைக் குடைந்து கூடு வைக்கும். பழைய வேலியின் காய்ந்த கதியாலும் கூரையின் பனஞ்சலாகையும் அதற்கு வீடு. கத்தரிப்பூவின் மகரந்தப் பை நுனியில் மட்டும் துளையுடையது. கருவண்டு அதைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்தால் மகரந்தம் கொட்டும். கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ஆகவே, கருவண்டு போனால் கத்தரிக்கும் முருங்கைக்கும் நட்டம். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் இல்லாத யாழ்ப்பாணத்துச் சமையலை எண்ணிப் பாருங்கள்.

முழுப் பழியையும் மதிலின் தலையில் போடுவது நியாயமன்று. தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி அடிக்கப்படும் கிருமிநாசினிக்கும் இதில் பங்குண்டு. தேனீக்களுக்குக் கேடு என்று மூன்று வகை நாசினிகளைத் திறந்த வெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. எமது கமக்காரரோ பூ விரிந்திருக்கும் காலை நேரத்திலேயே மருந்தடிக்கிறார்.

மதிலுக்கும் நியாயம் உண்டு. கட்டாக்காலி மாடுகள், கள்வர் பயம், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கத் தனித்திருக்கும் முதியோர். வேலியை ஆண்டுதோறும் அடைக்கக் கிடுகும் வேண்டும், கூலியாளும் வேண்டும். இரண்டும் இலகுவில் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு விரல்கடை கதியாலை நகர்த்தி, அதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய பெருமையும் எமக்குண்டு. ஆதலால் மதிலை இடியுங்கள் என்று எவருக்கும் சொல்லமாட்டேன். சொன்னாலும் கேட்கமாட்டீர்கள்.

நான் கேட்பது மூன்றடி நிலம். மதிலின் உட்புறமாக மூன்றடி அகலத்துக்குச் சீமெந்து போடாமல் விடுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் அதில் நான்கைந்து பூவரசு, முள்முருக்குக் கதியால்களை நடுங்கள். செம்பரத்தை வைப்பதானால் அடுக்குப் பூ வேண்டாம், ஐந்திதழ்ச் சிவப்புச் செம்பரத்தை போதும்; அடுக்கிதழ்ப் பூவில் சிட்டுக்கும் தேனீக்கும் தேனை எட்டுவது கடினம். துளசியைப் பூக்க விடுங்கள், தேனீ தானே வரும். வெட்சியும் கனகாம்பரமும் வண்ணத்துப்பூச்சியை அழைக்கும். தேசி மரத்திலும் கறிவேப்பிலையிலும் புழுவைக் கண்டதும் மருந்துக்கு ஓடாதீர்கள். அதுதான் நாளைய வண்ணத்துப்பூச்சி. பட்ட கொப்பு ஒன்றைக் கருவண்டுக்காக விட்டு வையுங்கள். கோடையில் ஒரு சிரட்டையில் தண்ணீரும் இரண்டு கூழாங்கற்களும் வையுங்கள். மருந்தடித்தே தீர வேண்டுமென்றால் பூக்கள் கூம்பிய பின் மாலையில் அடியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டைத் திருத்துங்கள், கிணற்றைக் கட்டுங்கள். முற்றம் முழுவதற்கும் கல் பதிக்கக் காசு அனுப்புமுன் ஒரு கணம் யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. அதன் விலையை அக்கா காலை ஆறரை மணிக்குக் குனிந்து நின்று கொடுக்கிறார்.

புறப்படும் நாளன்று இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பின்மதில் ஓரத்துக் கற்களைக் கிளப்பிவிட்டுக் கதியால் நடுவோம், செலவை நான் அனுப்புகிறேன் என்றேன்.

"கல்லுக் கிளப்பிறவனுக்கு மட்டும் அனுப்பு தம்பி. கதியாலுக்கு ஆர் காசு குடுக்கிறது? பின்வளவுக்காரரிட்டக் கேட்டால் தருவினம்" என்றார்.

ஐப்பசி மழைக்காகக் காத்திருக்கிறேன்.