தடையற்ற ஓர் உதை



அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் மதரஸா மாணவர்கள் பக்கத்துத் திடலில் கால்பந்து ஆடுவது வழக்கம். சென்ற மாதம் ஒருநாள், பந்துடன் விரைந்த சிறுவன் ஒருவனை மற்றொருவன் கால் இடறி வீழ்த்திவிட்டான். எழுந்தவன் கையை ஓங்கினான். அவ்வழியே வந்த நான் இடையில் புகுந்து தடுத்தேன். "ஃப்ரீ கிக் உனக்குத்தானே? பிறகேன் கோபம்?" என்றேன். "அவன் என்னை உதைத்தான். நான் பந்தை உதைக்க வேண்டுமா, ஹஜ்ரத்?" என்றான் அவன். அந்தக் கேள்வியே இம்மாதக் கட்டுரைக்கு வித்து.

ஃப்ரீ கிக் என்பதை 'இலவச உதை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் பிழைத்துவிடும். எவரும் குறுக்கிடாமல் உதைக்கும் உரிமை என்பதே அதன் கருத்து. 1863-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் முதல் விதிகளை வகுத்தபோது, உயர வரும் பந்தை முறைப்படி கையில் பிடித்து, குதிகாலால் தரையில் அடையாளமிட்டவருக்கு இவ்வுரிமை வழங்கப்பட்டது. பின்னரே அது, விதி மீறலால் பாதிக்கப்பட்ட அணிக்குரிய ஈடாக மாறிற்று.

இன்று அது இருவகைப்படும். எதிராளியை இடறுதல், தள்ளுதல், பிடித்திழுத்தல், பந்தைக் கையாளுதல் போன்றவற்றுக்கு நேரடி ஃப்ரீ கிக் உண்டு. அதிலிருந்து ஒரே உதையில் கோல் அடிக்கலாம். அதே குற்றத்தைத் தன் பெனால்டி எல்லைக்குள் இழைத்தால் அது பெனால்டியாகிவிடும். ஆஃப்சைடு, எவர்மீதும் படாத அபாயகரமான ஆட்டம் ஆகியவற்றுக்கு மறைமுக ஃப்ரீ கிக். இதில் பந்து இன்னோர் ஆட்டக்காரரைத் தொட்ட பின்னரே கோல் செல்லுபடியாகும். அதனை உணர்த்தவே நடுவர் ஒரு கையை உயர்த்தி நிற்கிறார்.

எவ்வகையாயினும் பந்து அசையாதிருக்க வேண்டும். எதிரணியினர் பொதுவாக 9.15 மீட்டர் விலகி நிற்க வேண்டும். 2014 உலகக் கோப்பையில் நடுவர்கள் வெண்ணுரையால் புல்லில் கோடிட்டது இந்த இடைவெளியைக் காக்கவே. ஆட்டம் நிற்காமல் தொடர்வதே பாதிக்கப்பட்ட அணிக்கு நன்மை என்றால், நடுவர் விசில் ஊதாமலும் விடலாம். ஆக, வீழ்த்தியவனை நோகச் செய்வது ஃப்ரீ கிக்கின் நோக்கமன்று. வீழ்ந்தவன் இழந்ததை மீட்டுத் தருவதே நோக்கம். தவறியவனை எச்சரிக்கவோ வெளியேற்றவோ தனியே அட்டைகள் உள்ளன.

மறுநாள் மாணவர்களிடம் இதை விளக்கிய பின், 1974 உலகக் கோப்பை நிகழ்ச்சியொன்றையும் சொன்னேன். ஜூன் 22 அன்று மேற்கு ஜெர்மனியின் கெல்சன்கிர்சென் நகரில் பிரேசிலும் ஜயர் நாடும் மோதின. பிரேசில் முன்னணியில் இருந்தது. அவ்வணிக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. உதைப்பதற்குள், தடுப்புச் சுவராக நின்ற வரிசையிலிருந்து முவெபு இலுங்கா பாய்ந்து வந்து பந்தைத் தொலைவுக்கு உதைத்துவிட்டார். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். விதி தெரியாதவர் என்று உலகமே நகைத்தது. அக்காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டு நானும் நகைத்தவனே.

உண்மை வேறு. தமக்கு விதி நன்றாகத் தெரியும் என்று அவர் பிற்காலப் பேட்டிகளில் கூறினார். அவ்வணி முந்தைய ஆட்டத்தில் யூகோஸ்லாவியாவிடம் 9-0 எனத் தோற்றிருந்தது. ஆட்டக்காரர்களுக்குரிய பணம் கொடுக்கப்படவில்லை. பிரேசிலிடம் நான்கு கோல் வாங்கினால் எவரும் நாடு திரும்ப இயலாது என்று அதிபர் மொபுட்டுவின் ஆட்கள் மிரட்டியதாகவும் அவர் சொன்னார். ஆட்டம் 3-0 என்றே முடிந்தது. முவெபு 2015-இல் காலமானார்.

கேட்டுக்கொண்டிருந்த அதே சிறுவன் மெல்ல வினவினான்: "அவருக்காக விசில் ஊத யார் இருந்தார்கள், ஹஜ்ரத்? நேற்று நீங்கள் வரும்வரை எனக்கும் யாரும் இல்லையே!"

நான் வாயடைத்துப் போனேன். விழுந்தவனுக்கு ஃப்ரீ கிக் உண்டு என்பதை எடுத்துரைக்க அன்று திடலில் எவருமில்லை. 'ஆடு, ஆடு' என்றே மற்றவர்கள் கூவியிருக்கிறார்கள். நான் கண்டதோ ஓங்கிய கையை மட்டுமே.

பெற்றோர்களே! நம் இல்லங்களிலும் பிள்ளைகள் கை ஓங்குகிறார்கள். ஓங்கிய கையைப் பிடிப்பது எளிது. அதற்கு முன் அவன் எங்கே வீழ்த்தப்பட்டான் என்று கேட்டறிவது கடினம். கேட்பார் உண்டு என்று நம்பும் பிள்ளை, கையைத் தாழ்த்திப் பந்தை எடுத்து வைப்பான். நாளை முதல் அத்திடலில் அஸருக்குப் பின் விசிலுடன் நிற்பதாக மாணவர்களுக்கு வாக்களித்தேன். இன்றுவரை நின்று வருகிறேன்.