நேரமில்லை என்போருக்கு

“உடம்பைக் கவனிக்க நேரமேது?” என்பதே நம்மிற் பலரின் மறுமொழி. காலையிற் பாணும் தேநீருமாய் ஓடுகிறோம். பின்னர் பொழுதெல்லாம் கதிரையிற் கழிகிறது.

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த வைத்தியர் கிறீன், உடற்கூற்றுடன் சுகாதாரத்தையும் விளக்கும் நூலொன்றைத் தமிழாக்கினார். நோய் தீர்ப்பது வைத்தியர் கடனாயினும் வருமுன் காப்பது நம் கடனன்றோ?

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரைமணியாக ஐந்து நாள் விரைந்து நடந்தால் அது நிறைவேறும். சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தே செல்வோம். முருங்கையிலையை இரவே உருவி வைத்தால், காலையிற் குரக்கன் பிட்டுக்கு வறை விரைவில் ஆயத்தமாகும்.

இதற்கும் நேரமில்லை என்போர், நீரிழிவு வந்தபின் வைத்தியசாலையிற் காத்திருக்கும் நேரத்தையும் எண்ணிப் பார்ப்பாராக.